சக்தியின் வடிவங்கள்: வாசற்கோலம் முதல் கோபுரச் சிற்பம் வரை



சக்தி என்னும் சொல்லுக்கு ஆற்றல் என்பது பொருள். ஆற்றலைக் கண்ணால் காண இயலாது. காற்று வீசுவதை மரக்கிளையின் அசைவு கொண்டு அறிகிறோம். நெருப்பின் சூட்டைத் தொட்டு உணர்கிறோம். அவ்வாறே, உலகை இயக்கும் பேராற்றலை மனிதன் தன் மனத்தில் நிறுத்திக்கொள்ள ஓர் உருவம் வேண்டியதாயிற்று. நம் முன்னோர் அதற்குப் பெண்ணுருவம் கொடுத்தனர். சிற்பி கல்லில் செதுக்கினான். ஓவியன் வண்ணத்தில் தீட்டினான். வீட்டுப் பெண் வாசலில் மாவால் இழைத்தாள்.

முதல் இருவரைப் பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். மூன்றாமவளைப் பற்றி எழுதியோர் குறைவு. பேராக் மாநிலத்தின் ரப்பர்த் தோட்டங்களில் அன்னையின் வழிபாடு வேரூன்றி நின்றதற்கு இம்மூவருமே காரணம் என்பதையும், அம்மூன்றாமவளின் கலை நம் கண்முன்னே மங்கி வருகிறது என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கல்லும் சூலமும்

1877-ஆம் ஆண்டில் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. அவற்றுள் ஒன்று முதுமரமாகி இன்றும் அவ்வூரில் நிற்கிறது. அக்கன்றுகளின் வழிவந்த மரங்கள் பின்னாளில் பேராக்கின் காடுகளை நிரப்பின. சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர், தைப்பிங், பாகான் டத்தோ எனப் பல வட்டாரங்களிலும் தோட்டங்கள் தோன்றின. அவற்றில் பால்மரம் வெட்டத் தமிழகத்திலிருந்து கங்காணிமார் வழியாக நம் மக்கள் வந்து சேர்ந்தனர். 1938-இல் இந்திய அரசு இவ்வகைக் குடியேற்றத்தைத் தடைசெய்யும் வரை இந்த வரவு தொடர்ந்தது.

வந்தவர்களின் மூட்டையில் சிலை இருக்கவில்லை. மாற்றுத் துணியும், ஊர்மண்ணின் நினைவும், குலதெய்வத்தின் பெயருமே இருந்தன. ஆகவே தோட்டத்தில் அன்னை முதலில் எழுந்தருளியது ஒரு கல்லாகத்தான். மரத்தடியில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, குங்குமம் இட்டு, அருகே ஒரு சூலத்தை ஊன்றினர். அதுவே கோயில்.

கல்லுக்குக் கண் இல்லை, முகம் இல்லை என்று பிறர் நினைக்கலாம். மஞ்சளும் குங்குமமும் ஏறிய கணத்திலேயே அது பெண்ணாகிவிட்டது என்பதை நாம் அறிவோம். மஞ்சளும் சிவப்பும் வேப்பிலையின் பச்சையும் ஆகிய இம்மூன்று வண்ணங்களே தோட்டத்து மாரியம்மனின் முதல் ஓவியம். அந்த மஞ்சளை அரைத்ததும், வேப்பிலையைக் கொய்து கட்டியதும் பெரும்பாலும் பெண்களின் கைகளே.

அன்னையின் திருக்கோலம் கூறும் பொருள்

காலப்போக்கில் கல் இருந்த இடத்தில் சிலை வந்தது. தகரக் கொட்டகை இருந்த இடத்தில் மண்டபம் எழுந்தது. இன்று நம் கோயில்களில் நாம் காணும் மாரியம்மன் பெரும்பாலும் ஒரு காலை மடித்து, மறு காலைத் தொங்கவிட்டு அமர்ந்த கோலத்தில் காட்சியளிக்கிறாள். கைகளில் உடுக்கை, சூலம், பாசம், கபாலம் ஆகியவற்றை ஏந்தியிருப்பாள். முடியைச் சுற்றித் தீச்சுடர்கள் எழும். மேலே நாகம் படமெடுத்துக் குடைபிடிக்கும்.

இவை ஒவ்வொன்றும் ஒரு சொல். உடுக்கையின் ஒலி படைப்பைக் குறிக்கும். சூலம் தீமையை அழிக்கும். பாசம் பிறவித் தளையை நினைவூட்டும். அத்தளையை அவிழ்ப்பவளும் அவளே. கபாலம் நிலையாமையைச் சொல்லும். தீச்சுடர் முடி அம்மை நோயின் வெப்பத்தைத் தானே ஏற்றுக்கொண்ட தாயைக் காட்டும். பெரியம்மை உலகிலிருந்து அடியோடு ஒழிக்கப்பட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் 1980-இல் அறிவித்தது. எனினும் அந்த நோய் ஊர் ஊராகச் சுற்றிய நாளில், மருத்துவர் எட்டாத இடத்தில் பிள்ளையின் தலைமாட்டில் வேப்பிலையோடு இரவெல்லாம் விழித்திருந்த தாய்மாரின் அச்சமும் நம்பிக்கையும் அந்தச் சுடர்முடியில் இன்னும் எரிந்துகொண்டிருக்கின்றன.

அமர்ந்திருக்கும் கோலத்திலும் ஒரு பொருள் உண்டு. மடித்த கால் அமைதியையும் தொங்கவிட்ட கால் அழைத்தவுடன் எழுந்து வரும் ஆயத்தத்தையும் காட்டுவதாகப் பெரியோர் விளக்குவர். சமயபுரத்து அன்னை அடியார்களுக்காகத் தானே 28 நாள் பச்சைப் பட்டினி விரதம் இருக்கிறாள் என்பது யாவரும் அறிந்ததே. பக்தர் தெய்வத்துக்காக நோன்பிருப்பது எங்கும் உண்டு. தெய்வம் பக்தருக்காக நோன்பிருப்பது தாய்மை என்னும் உறவில் மட்டுமே இயலும்.

இரேணுகையின் கதையையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். கணவன் ஆணையால் மகன் கையாலேயே தலை துணிக்கப்பட்டவள் இரேணுகை. அவள் மீண்டும் உயிர்பெற்றபோது அவளுடைய தலை வேறொரு பெண்ணின் உடலோடு பொருந்திவிட்டதாகக் கதை செல்கிறது. படவேட்டில் ரேணுகாம்பாளின் திருத்தலையே கருவறையில் வழிபடப்படுகிறது. பல அம்மன் கோயில்களில் தலையுருவை மட்டும் வைத்துப் பூசிக்கும் வழக்கமும் இக்கதையோடு தொடர்புடையதே. அநீதியாகத் துணிக்கப்பட்ட ஒரு தலை, வணக்கத்துக்குரிய தெய்வமாக உயர்ந்த வரலாறு அது. தமக்கு நேர்ந்த துன்பத்தை வாய்விட்டுச் சொல்ல இயலாத எத்தனையோ பெண்கள் அந்தத் திருமுகத்தின் முன் நின்று கண்ணீர் வடித்திருக்கிறார்கள். அவள் அறிவாள் என்ற உறுதியே அவர்களுக்கு மருந்தாயிற்று.

மாமல்லையும் தஞ்சையும்

பெண்மையின் வீரத்தைக் கல்லில் காட்டியதில் மாமல்லபுரத்து மகிடாசுரமர்த்தினிக் குகைக்கு நிகர் சொல்வது அரிது. ஏழாம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பி அங்கே போரின் நடுக்கணத்தைச் செதுக்கியுள்ளான். எட்டுக் கரங்களோடு சிங்கத்தின்மீது அமர்ந்த துர்க்கை வில்லை வளைத்து முன்னேறுகிறாள். எருமைத் தலையும் மனித உடலும் கொண்ட மகிடன் கையில் கதையுடன் நின்றாலும் அவன் உடல் பின்வாங்கிச் சாய்கிறது. அவன் இன்னும் வீழவில்லை. ஆனால் அவனுடைய தோல்வி உடலிலேயே எழுதப்பட்டுவிட்டது. அன்னையின் முகத்தில் சினம் இல்லை. தெளிவு மட்டுமே உள்ளது. அதே மண்டபத்தின் எதிர்ச்சுவரில் திருமால் அனந்தசயனத்தில் ஆழ்ந்திருக்கிறார். ஒருபுறம் பெருந்துயில், மறுபுறம் பெரும்போர் என்று அமைத்த சிற்பியின் உள்ளத்தை வியக்காமல் இருக்க முடியவில்லை.

ஒன்பதாம் நூற்றாண்டில் தஞ்சையைக் கைப்பற்றிய விசயாலய சோழன் அங்கே நிசும்பசூதனிக்குக் கோயில் எடுத்தான் எனத் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகிறது. ஒரு பேரரசு தன் முதல் அடியை எடுத்து வைக்கும்போது அன்னையின் போர்க்கோலத்தை வேண்டி நின்றது.

ஆனால் சக்தி போர்க்கோலத்தில் மட்டும் இல்லை. காரைக்கால் அம்மையாரின் திருவுருவைப் பாருங்கள். புனிதவதியாகப் பிறந்து, கணவனால் கைவிடப்பட்டபின், இனி இந்த அழகு எதற்கு என்று தசையை உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்றவர் அவர். சோழர்காலச் செப்புத் திருமேனிகளில் எலும்பு தெரியும் மார்பும் வற்றிய உடலுமாக, கையில் தாளமேந்தி, முகத்தில் மகிழ்ச்சியோடு அமர்ந்திருக்கிறார். அழகில்லாத பெண்ணுருவை வணக்கத்துக்குரியதாக வார்த்த கலை மரபு உலகில் மிகச் சிலவே. நம் தென்கிழக்காசியாவிலேயே, கம்போடியாவின் பந்தியாய் ஸ்ரே கோயிலில் ஆடும் சிவபெருமானின் திருவடியருகே அம்மையாரின் உருவம் செதுக்கப்பட்டுள்ளதை அறிஞர் எடுத்துக்காட்டியுள்ளனர். அக்கோயில் பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ரப்பர்க் கன்று இம்மண்ணுக்கு வருவதற்கு ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தமிழ்ப் பெண்ணின் உருவம் கடல் கடந்துவிட்டது.

அதே பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் செம்பியன் மாதேவியார். கண்டராதித்த சோழரின் தேவியான இவர் இளமையிலேயே கணவரை இழந்தார். துயரில் ஒடுங்கிவிடாமல், செங்கல்லால் இருந்த பழங்கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாக மாற்றினார். நிலமும் விளக்கும் அணிகலனும் வழங்கினார். கோனேரிராசபுரத்துக் கோயிலைக் கணவரின் நினைவாக எழுப்பினார். அமெரிக்காவின் வாசிங்டன் நகர அருங்காட்சியகம் ஒன்றில் உள்ள பார்வதி வடிவிலான செப்புத் திருமேனியை இவருடைய உருவமாகவே அறிஞர் சிலர் கருதுகின்றனர். இவருடைய கொடைகள் கல்வெட்டில் பெயரோடு பொறிக்கப்பட்டன. அதனால்தான் ஆயிரம் ஆண்டுகள் கழித்தும் நாம் அவரை அறிகிறோம். இந்தச் செய்தியை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். கட்டுரையின் முடிவில் இதற்கே திரும்ப வருவோம்.

படமாக வந்த அன்னை

தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவர்களுக்குக் கற்சிற்பம் எட்டாத பொருள். அவர்கள் வீட்டுக்குள் அன்னையைக் கொண்டுவந்தது அச்சுப்படம். இரவிவர்மா (1848–1906) தம் எண்ணெய் வண்ண ஓவியங்களை எளிய மக்களிடம் சேர்க்க எண்ணி 1894-இல் பம்பாயில் அச்சகம் நிறுவினார். தாமரையில் நிற்கும் இலக்குமியும், வீணை ஏந்திய கலைமகளும் அதன்பின் எளியவர் வீட்டுச் சுவர்களுக்கும் வந்தனர். கோயிலுக்குள் நுழைய உரிமை மறுக்கப்பட்டிருந்தவர்களின் வீட்டுக்குள்ளும் தெய்வம் வந்து அமர்ந்தது என்பதே இதில் பெரிய செய்தி.

தமிழகத்தில் இப்பணியை வளர்த்தவர் கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜு (1898–1976). சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலை தீட்டியவர். அவரும் அவருடைய மாணவர்களும் வரைந்த மீனாட்சி, கஜலட்சுமி, முருகன் படங்கள் சிவகாசியில் அச்சேறி நாட்காட்டிகளாக எங்கும் பரவின. வட்டமுகம், அகன்ற விழி, பட்டுப்புடவை, மூக்குத்தி ஆகியவற்றோடு அவர்கள் வரைந்த அம்மன், அண்டை வீட்டு அத்தையைப் போலவும் அதே வேளையில் அகிலாண்டேசுவரியாகவும் தோன்றினாள்.

ஆண்டு முடிந்தபின் நாட்காட்டியின் தேதித்தாள் தீர்ந்துவிடும். படத்தை மட்டும் நம் பாட்டிமார் எறிய மாட்டார்கள். சட்டமிட்டோ, பசை தடவி அட்டையில் ஒட்டியோ சாமி மாடத்தில் வைத்துவிடுவார்கள். லயத்தின் புகைபடிந்த பலகைச் சுவரில் அந்தப் படமும் அதன்முன் ஒரு சிறு விளக்கும் இருந்தால் அது கருவறை.

மாவில் இழைத்த கோடு

இனி மூன்றாமவளிடம் வருவோம். தோட்டத்துப் பெண்ணின் நாள் எப்படித் தொடங்கியது என்பதை இன்றைய இளையோர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. விடியுமுன் எழ வேண்டும். அடுப்பு மூட்டி, பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டு, பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். பின்னர் உளியும் வாளியுமாக நிரைக்குள் இறங்க வேண்டும். கொசுவும் அட்டையும் பனியும் வேறு. பால் வெட்டுவது முரட்டு வேலையன்று. பட்டையை மெல்லிய இழையாக, ஒரே சரிவில் சீவ வேண்டும். சற்றே ஆழ்ந்தால் மரம் காயப்படும். மேலோட்டமாகச் சீவினால் பால் வடியாது. ஆணுக்குச் சமமாக இவ்வேலையைச் செய்தபோதும் நெடுங்காலம் பெண்ணுக்குக் குறைந்த கூலியே கிடைத்தது.

அந்தக் கைகளே, வேலைக்குப் புறப்படுமுன், இருட்டில் வாசல் தெளித்துக் கோலமும் இட்டன. வெள்ளிக்கிழமையானால் கோலம் சற்றுப் பெரிதாகும். திருவிழா நாளானால் லயத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை வாசல்கள் மலரும்.

கோலத்தை வெறும் அலங்காரம் என்று கருதுவது தவறு. அதற்கு ஓர் இலக்கணம் உண்டு. முதலில் புள்ளி, நேர்ப்புள்ளியா இடைப்புள்ளியா என்று முடிவு செய்ய வேண்டும். பின்னர் அப்புள்ளிகளைச் சுற்றிக் கோடு செல்லும். சிக்குக் கோலத்தில் கோடு எந்தப் புள்ளியையும் தொடாமல், எதையும் விட்டுவிடாமல் வளைந்து, தொடங்கிய இடத்துக்கே வந்து சேர வேண்டும். சென்னைக் கிறித்துவக் கல்லூரிப் பேராசிரியர் கிப்ட் சிரோமணியும் அவர்தம் குழுவினரும் 1970-களில் கோலங்களைக் கணித நோக்கில் ஆராய்ந்து, அவற்றின் அமைப்பைக் கணினி அறிவியலின் இலக்கண விதிகளால் விளக்கிக் காட்டினர். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத நம் பாட்டிமார், அறிஞர் ஆராயத்தக்க கணிதத்தை விரலிடுக்கில் வைத்திருந்தனர்.

அரிசி மாவில் இட்டால் எறும்புக்கும் குருவிக்கும் உணவு. அறம் செய்யப் பணம் வேண்டும் என்பதில்லை, ஒரு பிடி மாவு போதும் என்பதை நாள்தோறும் சொன்ன கலை இது. துக்க வீட்டில் கோலம் இராது. எனவே வாசலில் கோலம் கண்டவுடன் இவ்வீட்டில் எல்லாரும் நலம் என்று ஊர் அறிந்துகொள்ளும்.

இந்தச் செய்தியின் கனத்தைப் புரிந்துகொள்ள 1942 முதல் 1945 வரையிலான ஜப்பானியர் காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டனர். பலர் திரும்பவில்லை. பசியும் நோயும் சூழ்ந்த லயங்களில் பிள்ளைகளைக் காப்பாற்றும் பொறுப்பு பெண்கள் தலையில் விழுந்தது. அரிசிக்கே வழியில்லாத நாளில் கோலமாவுக்கு எங்கே போவது? போன கணவன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாதவள், வாசலில் கோலம் இடுவதா வேண்டாவா? அப்படிப்பட்ட நாளில் ஒருத்தி தரையில் ஒரு கோடு இழுத்திருந்தால், அவர் திரும்பி வருவார் என்பதே அக்கோட்டின் பொருள். சக்தியின் வடிவம் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேறு வேண்டுமோ?

கரகமும் முளைப்பாரியும்

தோட்டத் திருவிழாவின் உயிர்நிலை கரகம். ஆற்றங்கரையிலோ நீர்நிலையின் ஓரத்திலோ கரகம் பாலிப்பதோடு விழா தொடங்கும். ஒரு குடம், அதனுள் நீர், வாயில் தேங்காய், சுற்றிலும் வேப்பிலை, அதன்மேல் அடுக்கடுக்காய் மலர், உச்சியில் எலுமிச்சை. குடம் தாயின் வயிற்றைக் குறிக்கும். நீர் உயிரைக் குறிக்கும். முகமோ கையோ இல்லாத இவ்வுருவத்தைக் கண்டவுடன் கூட்டம் முழுவதும் கைகூப்புகிறது. சில மணி நேரத்தில் உருவாகி, சில நாள் வாழ்ந்து, மீண்டும் நீரிலேயே கரையும் சிற்பம் இது. கரகத்தைத் தலையில் ஏந்துபவர் பல இடங்களில் ஆடவரே. ஆயினும் மலர் தொடுத்தும் வேப்பிலை ஆய்ந்தும் மஞ்சள் கரைத்தும் அதை அணிசெய்யத் துணைநிற்கும் கைகளில் பெண்களின் கைகள் மிகுதி.

முளைப்பாரி முற்றிலும் பெண்களின் கலை. நவதானியங்களை மண்ணும் எருவும் இட்ட சட்டியில் விதைத்து, வெயில் படாத அறையில் வைத்து நீர் தெளித்து வளர்ப்பர். ஒளி காணாத முளைகள் வெளிர்மஞ்சளாய் நீண்டு உயரும். விழா நாளில் அவற்றைத் தலையில் சுமந்து வலம் வருவர். இருட்டில் வளர்ந்தது வெளிச்சத்துக்கு வரும் அந்தக் காட்சி, தோட்டத்துப் பெண்களின் வாழ்க்கையையே நமக்கு நினைவூட்டுகிறது.

குதிரைமேல் ஒருத்தி, கலைக்கூடத்தில் ஒருத்தி

கோயிலுக்கு வெளியிலும் இந்த உருவம் தன் பணியைச் செய்தது. 1905-இல் வங்க ஓவியர் அவனீந்திரநாத் தாகூர், காவியுடுத்த நாற்கரத் தாயாகப் பாரத மாதாவை வரைந்தார். அவள் கைகளில் ஆயுதம் இல்லை. ஏடு, நெற்கதிர், துணி, செபமாலை ஆகியவையே இருந்தன. முதுகில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு குதிரைமேல் வாளேந்திய ஜான்சி ராணியின் படமும் வீடுகளில் இடம் பெற்றது.

1943-இல் நேதாஜி அமைத்த ஜான்சி ராணிப் படையில் மலாயாவின் தோட்டத்துப் பெண்கள் பெருமளவில் சேர்ந்தனர். ஈப்போவிலிருந்து சென்று அப்படையில் சேர்ந்த மாணவி ரசம்மா, பின்னாளில் ரசம்மா பூபாலன் என்ற பெயரில் கல்வியாளராகவும் பெண்ணுரிமைப் போராளியாகவும் நாடறிய விளங்கினார். அன்றைய நிழற்படங்களில் சீருடையும் தொப்பியும் அணிந்து, துப்பாக்கியோடு அணிவகுத்து நிற்கும் அப்பெண்களைப் பாருங்கள். அவர்களில் பலர் நேற்றுவரை பால்வாளி தூக்கியவர்கள். நவராத்திரியில் ஆயுதமேந்திய துர்க்கையைக் கண்டு வணங்கிய கண்களுக்கு, ஆயுதமேந்திய தம் மகளைக் காண்பது முற்றிலும் புதிதாக இருந்திராது.

மலேசிய ஓவிய உலகிலும் இம்மரபின் ஒரு கிளையைக் காணலாம். பினாங்கில் பிறந்த நிர்மலா தத் சண்முகலிங்கம் (1941–2016) தெய்வப் படம் வரைந்தவர் அல்லர். மாசுபட்ட சுற்றுச்சூழல், போரில் சிதைந்த தாயும் சேயும், அதிகாரத்தில் உள்ளோரின் அநீதி ஆகியவற்றையே கருப்பொருளாகக் கொண்டார். 1973-இல் குப்பையையும் நிழற்படங்களையும் கொண்டு அவர் அமைத்த படைப்பு, தேசியக் கலைக்கூடத்தின் கண்காட்சியில் பரிசு பெற்றது. மகிடன் எந்த உருவில் வந்தாலும் இனங்கண்டு காட்டுவதே அவர் தூரிகை செய்த வேலை எனலாம்.

நம் அண்டை வீட்டாரிடமும் இதே உணர்வு உண்டு. ஈப்போவின் சுண்ணாம்புக்கல் குகைகளில் அமைந்த சீனக் கோயில்களில் குவான் யின் அன்னையைக் காணலாம். இந்தியாவில் அவலோகிதேசுவரர் என்னும் ஆண்வடிவப் போதிசத்துவராக இருந்தவர், சீனத்தில் நூற்றாண்டுகள் செல்லச் செல்லக் கருணைத் தாயாக மாறினார். துன்பப்பட்டவர் எங்கிருந்தாலும் தாயையே தேடுகின்றனர் என்பதற்கு இது சான்று.

தோட்டம் கலைந்தபின்

1950-களின் பிற்பகுதியில் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. சுங்கை சிப்புட் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தொழிலாளரின் சிறுசேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்க வழிகண்டார். ஆயினும் பின்வந்த ஆண்டுகளில் ரப்பர் மரங்கள் சாய்ந்து செம்பனை வந்தது. வீடமைப்பும் தொழிற்பேட்டையும் வந்தன. நம் மக்கள் புந்தோங் போன்ற பகுதிகளுக்கும் பிற நகர்ப்புறங்களுக்கும் பெயர்ந்தனர். சில கோயில்கள் மக்களோடு இடம்பெயர்ந்தன. சில, மக்கள் போனபின் செம்பனைக் காட்டின் நடுவே தனித்து நிற்கின்றன. ஆண்டுக்கொருமுறை திருவிழாவுக்குப் பழைய தோட்டத்து மக்கள் எங்கெங்கிருந்தோ கார்களில் வந்து கூடுவதைப் பார்க்கிறோம்.

நகரத்தில் கோயில்கள் வளர்ந்துள்ளன. தைப்பூசத்தன்று புந்தோங் மகாமாரியம்மன் ஆலயத்திலிருந்து குனோங் சீரோ கல்லுமலை வரை காவடியும் பால்குடமுமாக மக்கள் வெள்ளம் செல்லும் காட்சியே நம் வளர்ச்சிக்குச் சான்று. தமிழகத்திலிருந்து சிற்பிகள் வந்து கோபுரங்களை வண்ணமயமாக்குகின்றனர். மகிழ வேண்டியதே.

ஆனால் மறுபுறத்தையும் பார்க்க வேண்டும். அடுக்குமாடி வீட்டுக்கு வாசல் ஏது? மூன்றடி நடைபாதையில் அண்டை வீட்டாரும் நடக்க வேண்டும். ஆகவே கோலம் ஒட்டுத்தாளாகிவிட்டது. ஒட்டுத்தாளில் தவறு வராது. ஆனால் அதை ஒட்டுகிறவள் எதையும் கற்பதுமில்லை. நூறு புள்ளிக் கோலத்தை நினைவிலிருந்தே இட்ட பாட்டி மறைந்தால், அக்கோலமும் அவரோடு மறைகிறது. கும்பாபிடேகத் திருப்பணியின்போது பழைய சுதைச் சிலைகளும் சூலங்களும் முதலில் நட்ட கல்லும் என்ன ஆயின என்று கேட்டால் பல இடங்களில் பதில் இல்லை.

இன்னொன்றையும் தயக்கமின்றிச் சொல்ல வேண்டியுள்ளது. செம்பியன் மாதேவியாரின் பெயர் கல்லில் இருப்பதால் அவரை அறிகிறோம். நம் கோயில்களின் பளிங்குப் பலகைகளில் நன்கொடையாளர் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன, அது முறையே. ஆனால் முப்பது, நாற்பது ஆண்டுகள் வெள்ளிதோறும் சந்நிதியைக் கழுவிக் கோலமிட்டவளின் பெயர் எந்தப் பலகையில் உள்ளது? ஆடிக்கூழ் காய்ச்சியவள், கரகத்துக்குப் பூத்தொடுத்தவள், தோட்டம் கலைந்த நாளில் அம்மன் படத்தைப் புடவையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு லாரியில் ஏறியவள் ஆகியோர் கொடுத்ததும் நன்கொடையே. அவர்கள் பணமாகக் கொடுக்காததால் ரசீது எழுதப்படவில்லை, அவ்வளவுதான்.

நாம் செய்யக்கூடியவை

பெருஞ்செலவு தேவையில்லாத சில பணிகளை அன்பர்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, திருப்பணி தொடங்குமுன் பழைய சிலை, சூலம், கல், சுவரோவியம் அனைத்தையும் நிழற்படம் எடுத்து, எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்ற குறிப்போடு கோயிலில் வைக்க வேண்டும். பழைய திருவுருவங்களை நெறிப்படி கையாள நம் ஆகமங்களில் ஜீரணோத்தாரண விதிகளே உள்ளன. முதலில் நட்ட கல்லை ஒரு மூலையிலேனும் மாடம் கட்டிப் போற்றுவது நம் கடமை.

இரண்டாவது, வெள்ளிக்கிழமை மாலையில் கோயில் மண்டபத்தில் கோல வகுப்பு நடத்தலாம். கற்பிக்க ஆசிரியரைத் தேடி அலைய வேண்டாம். பிராகாரத்தில் அமர்ந்து பூத்தொடுக்கும் மூதாட்டியரே ஆசிரியர்கள். அவர்கள் இடும் கோலங்களைப் புள்ளிக் கணக்கோடு ஒரு குறிப்பேட்டில் வரைந்து வைத்தால், அது பிற்காலத்துக்கு ஒரு செல்வம். ஆண்பிள்ளைகளும் கற்கட்டும், கோடு போடுவதில் ஆணென்ன பெண்ணென்ன?

மூன்றாவது, கும்பாபிடேக மலரிலும் பெயர்ப்பலகையிலும் உடலுழைப்பு நல்கிய பெண்களுக்கென ஓர் இடம் ஒதுக்க வேண்டும். ஆலய நிருவாகக் குழுவில் அவர்களுக்கு உரிய பங்கும் வேண்டும். கருவறையில் அன்னையை அமர்த்திவிட்டு, ஆலோசனைக் கூட்டத்தில் அவள் மகளுக்கு நாற்காலி போட மறப்பது பொருந்தாது.

கோபுரம் வானை நோக்கி எழுவது; கோலம் மண்ணோடு படிந்து கிடப்பது. கோபுரத்தைப் பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்கிறோம். கோலத்தை ஒவ்வொரு நாளும் புதிதாக இட்டாக வேண்டும். காலடி பட்டும் மழை பெய்தும் அழிந்துவிடும் என்று தெரிந்தே மறுநாளும் மாவை எடுத்துக் குனிகிறாளே, அவளுடைய மனத்திண்மையில் அன்னை பராசக்தி குடியிருக்கிறாள்.

அடுத்த முறை ஆலயத்துக்குள் நுழையும்போது வாசற்கோலத்தை மிதிக்காமல் சற்று ஒதுங்கிச் செல்வோம். அதை இட்டவர் அருகில் இருந்தால் பெயரைக் கேட்டு, ஒரு வணக்கம் சொல்வோம். அன்னையின் அருள் அனைவர் இல்லங்களிலும் நிறைந்து, அறம் தழைத்து, மக்கள் நலமுற்று வாழ்க.

ஓம் சக்தி.